பணிவும் பணியும்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கடற்கரைப் பெருவழியிற் பயணம் செய்வோர், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையடுத்தொன்றாகத் தொடர்வதைக் காண்பர். பள்ளிவாசலின் மினாராக்களும் கோவிற் கோபுரங்களும் மாறிமாறித் தோன்றும். தம்பிலுவிலும் திருக்கோவிலும் கடந்தால் வினாயகபுரம் வரும். பெயரே பிள்ளையாரின் பெயர். கடலோரத்திற் சித்திரவேலாயுத சுவாமி கோவிலும், ஆண்டுதோறும் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டமும் இப்பகுதியின் வாழ்வோடு பிணைந்தவை. இத்தகைய சூழலில் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்கள் மிகச் சில. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை முழுவதிலும் கிறிஸ்தவர் நூற்றுக்கு 7 பேருக்குச் சற்று மேல். அம்பாறை மாவட்டத்திலோ நூற்றுக்கு 2 பேர் அளவே.

இந்த இருவர் ஏனைய தொண்ணூற்றெண்மர் நடுவே தம் சமயத்தை எங்ஙனம் வாழ்ந்து காட்டுவது? உரக்கப் பேசினால் அயலார் மனம் வருந்தும். வாய் திறவாதிருந்தாலோ தம் வேதம் இட்ட கட்டளையை மீறியவராவர். நற்செய்தியை உலகெங்கும் அறிவிக்குமாறு யேசு தம் சீடரைப் பணித்தார் என்பது அச்சமயத்தின் அடிப்படை. அதே யேசு, தாழ்மையுள்ளோராய் இருங்கள் என்றும், பிறருக்கு நன்மை செய்யுங்கள் என்றும் கற்பித்தார். தாழ்மை, நற்செயல், நற்செய்தி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் வேண்டும். அவற்றுள் ஒன்று பிரிந்து போனால் விளையும் கேட்டை இத்தீவின் வரலாறு பலமுறை கண்டிருக்கிறது.

தாழ்மை என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். தமிழிலே தாழ்வு வேறு, தாழ்மை வேறு. தாழ்வு பிறர் நம்மீது சுமத்துவது. தாழ்மை நாமே விரும்பி மேற்கொள்வது. இதனினும் சிறந்த சொல் பணிவு. பணிதல் என்றால் வணங்குதல். பணி என்றால் தொழில், தொண்டு. வணக்கத்தையும் தொண்டையும் ஒரே வேரிற் பிணைத்து வைத்த நம் முன்னோரின் மொழியறிவை வியவாதிருக்க முடியாது. கிறிஸ்தவ வேதம் சொல்லும் தாழ்மையும் ஏறத்தாழ இதுவேயாம். அது தலையைக் குனிந்து நிற்பதோடு முடிவதில்லை. கையை நீட்டிப் பணி செய்தலிலேதான் நிறைவு பெறுகிறது.

யேசு தாம் பிடிபடுவதற்கு முந்திய இரவில் செய்த செயல் ஒன்று இதனை விளக்கும். இராவுணவு வேளையில் அவர் எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துணியொன்றை இடையிற் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவித் துடைத்தார். புழுதி படிந்த பாதைகளிற் செருப்பணிந்தோ வெறுங்காலாகவோ நடந்த மக்களுக்கு, வீடு வந்ததும் கால் கழுவுதல் இன்றியமையாதது. நம் கிராமங்களிலும் முற்றத்திலே செம்பில் நீர் வைப்பது அண்மைக் காலம் வரை வழக்கமாயிருந்தது. ஆயினும் அந்நாட்டில் மற்றொருவர் காலைக் கழுவுவது அடிமையின் வேலை. நம்மவர் திருமணங்களில் மணமகளின் சகோதரன் மணமகனின் கால்களைக் கழுவி வரவேற்பதுண்டு. அது மதிக்கத்தக்கவர் என்று கருதப்படுவோருக்குச் செய்யும் மரியாதை. அன்று நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. குருவே சீடரின் காலைத் தொட்டார். பேதுரு என்னும் சீடர் கூச்சமுற்று மறுத்தார். குரு விடவில்லை. கழுவி முடித்தபின், நீங்களும் ஒருவருக்கொருவர் இவ்வாறே செய்தல் வேண்டும் என்றார். பேதுருவின் கூச்சம் மனித இயல்பை நன்கு அறிந்தவர் எழுதிய குறிப்பு என்றே கொள்ளல் வேண்டும். பணிவிடை செய்வதிலும் பார்க்கச் சில வேளைகளிற் பணிவிடையை ஏற்றுக்கொள்வதற்கே அதிக தாழ்மை வேண்டியிருக்கிறது.

நற்செயலைப் பற்றிய போதனையில் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு முரண்பாடு தோன்றும். மலைப் பிரசங்கம் என்று வழங்கப்படும் பேருரையில், உங்கள் நற்செயல்களை மனிதர் காணும்படி உங்கள் ஒளி விளங்கட்டும் என்ற கருத்து ஓரிடத்தில் வருகிறது. சற்றுத் தள்ளி, வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற கருத்து வருகிறது. காட்டுவதா, மறைப்பதா? புகழ் யாரைச் சேர்கிறது என்பதே இங்குள்ள வேறுபாடு. செய்தவனுக்குப் புகழ் தேடும் செயல் மறைவாயிருத்தல் நன்று. கடவுளையே நினைக்கச் செய்யும் செயல் வெளிப்படினும் குற்றமில்லை. தானம் செய்தவரின் பெயரைத் தானப் பொருளினும் பெரிதாகப் பொறிக்கும் வழக்கம் எல்லாச் சமயத்தாரிடையேயும் பரவியிருக்கும் இக்காலத்திலே, இப்போதனை கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதெனத் தள்ளிவிடக் கூடியதன்று.

சுவிசேஷம் என்னும் சொல் நல்ல, சிறப்பான செய்தி என்ற பொருளில் ஆக்கப்பட்டது. கத்தோலிக்கர் பிற்காலத்தில் நற்செய்தி என்று தூய தமிழிலே வழங்கலாயினர். செய்தி என்பதைச் சொல்லத்தான் முடியும், திணிக்க முடியாது. திணித்தால் அது செய்தியாகாது, கட்டளையாகிவிடும். இந்த எளிய உண்மையை ஒல்லாந்தர் ஆட்சி உணரத் தவறியது.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய பின், கத்தோலிக்கக் குருமாரை நாட்டினின்றும் அகற்றினர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தல் மரண தண்டனைக்குரிய குற்றம் என்று அறிவிக்கப்பட்டது. தம்முடைய சீர்திருத்த சபையில் ஞானஸ்நானம் பெற்றோருக்கே அரசாங்க உத்தியோகம் என விதித்தனர். மக்கள் என்ன செய்தனர்? உத்தியோகத்தை வேண்டியோர் பள்ளிக்கூடத் தோம்பிற் பெயரைப் பதிந்துகொண்டனர். வீட்டுக்கு வந்து திருநீறு பூசினர். பதிவேடுகளிற் கிறிஸ்தவர் தொகை பல்லாயிரமாய்ப் பெருகிற்று. ஆங்கிலேயர் வந்து அந்த விதி தளர்ந்ததும் அத்தொகை வெயில் கண்ட பனிபோல மறைந்தது. ஆட்சியின் முழு வலிமையும் பின்னே நின்று பரப்பிய சமயம், அவ்வாட்சி நீங்கியதும் நிலைக்கவில்லை. அதே காலத்திலே, அதே யாழ்ப்பாணத்திலே, ஒரு பிச்சைக்காரர் தெருத்தெருவாய் நடந்து காத்த சமயம் இன்றுவரை நிலைத்திருக்கிறது. அப்பிச்சைக்காரரின் பெயர் யோசேப் வாஸ்.

வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தார். கொங்கணி பேசும் பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்றுத் தேர்ந்து 1676இல் குருவானார். நல்ல பதவிகளை அடையும் தகுதி அவருக்கிருந்தது. ஆனால் இலங்கையிலே கத்தோலிக்கர் குருவானவர் இன்றித் தவிக்கின்றனர் என்ற செய்தி அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. குருவாக வந்தால் பிடிபடுவது உறுதி. ஆகவே அவர் குருவுடையைக் களைந்து, கூலியாளின் கோலம் பூண்டு, யோவான் என்னும் பணியாள் ஒருவருடன் தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்தார். மன்னாரை அடைந்து, அங்கிருந்து காலால் நடந்து, வயிற்றுளைச்சல் நோயால் வாடி, 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அவ்வூரிற் கத்தோலிக்கர் யார், அல்லாதார் யார் என்பதை அவர் அறிய வழியில்லை, கேட்டாற் காட்டிக்கொடுக்கப்படுவர். எனவே கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அரிசியைக் கொடுத்துவிட்டு அகன்றோர் பலர். அம்மாலையைக் கண்டு கண் கலங்கியோர் சிலர். அச்சிலரே அவர் தேடி வந்த மந்தை. நற்செய்திப் பணி என்றதும் மேடையும் முழக்கமும் நினைவுக்கு வருவோருக்கு இக்காட்சி விந்தையாய்த் தோன்றக்கூடும். சொல்ல வந்தவர் கேட்கும் நிலையிலே நின்றார். கொடுக்க வந்தவர் முதலிற் கையேந்தினார். சில்லாலை என்னும் ஊரை இருப்பிடமாகக் கொண்டு தமிழைக் கற்று, இரவிற் பூசையும் பகலில் மறைவுமாக ஏறக்குறைய இரண்டாண்டுகள் அங்கே தொண்டாற்றினார். 1689இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைப் பெருந்தொகையாகச் சிறைப்பிடித்த பின், புத்தளத்துக்குச் சென்று, 1692இல் கண்டி இராச்சியத்தினுள் நுழைந்தார்.

அங்கே அவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று கருதிச் சிறையிலிட்டனர். சிறையிலே சிங்களம் கற்றார். பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவரது நடத்தையைக் கூர்ந்து நோக்கி, நாளடைவில் நடமாடும் உரிமையை அளித்தான். வறட்சி நீங்கி மழை பெய்தது அவருடைய வேண்டுதலால் என்ற கதையும் வழங்குகிறது. அதனை நம்புவோர் நம்பட்டும். அவரது பெருமைக்கு அக்கதை இன்றியமையாததன்று. 1697இல் நிகழ்ந்ததே இன்றியமையாதது. அவ்வாண்டு கண்டியில் வைசூரி பரவியது. அம்மை கண்டாரைக் காட்டிலும் தெருவிலும் விட்டு உற்றார் ஓடினர். மன்னனும் நகரை விட்டு நீங்கினான். வாஸ் நீங்கவில்லை. தம் உறவினரான கார்வாலியோ என்னும் குருவுடன் அந்நோயாளரைத் தேடிச் சென்று, தங்க இடமளித்து, உணவூட்டி, புண்ணைக் கழுவி, இறந்தாரை அடக்கம் செய்தார். நோயுற்றோர் பெரும்பாலும் பௌத்தர். அவர்களிடம் நீ எச்சமயத்தவன் என்று அவர் கேட்டுப் பின் கஞ்சி வார்க்கவில்லை. நோய் தணிந்த பின், கத்தோலிக்க சமயம் கண்டியிலே அச்சமின்றி வாழ மன்னன் இசைந்தமைக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. ஒல்லாந்தராகிய கிறிஸ்தவர் துரத்திய குருவைப் பௌத்த மன்னன் காத்தான் என்பது நினைத்து நினைத்து இன்புறத்தக்க செய்தி.

வாஸ் ஆயர் பதவியை மறுத்தவர். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலே காலமானார். மூன்று நூற்றாண்டுகள் கடந்து, 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலிலே திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கைத் திருச்சபையின் முதற் புனிதர் அவரே.

கிழக்குக் கரைக்கு வருவோம். மெதடிஸ்த சபையைச் சேர்ந்த மிசனரிமார் 1814ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் காலியில் வந்திறங்கினர். அவர்களுடைய தலைவரான தோமஸ் கோக் வழியிலே கடலில் உயிர் துறந்தார். வில்லியம் ஓல்ட் என்பாரின் மனைவியும் அப்பயணத்திலேயே இறந்தார். காலியிற் கூடி யார் எங்கே செல்வது எனத் தீர்மானித்தபோது, ஓல்டுக்கு மட்டக்களப்புக் கிடைத்தது. தனியராய்த் தோணியேறி அவ்வூரை அடைந்தார். அவர் அங்கே வாழ்ந்தது எட்டு மாதங்களளவே. 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நோயால் இறந்தார். அதற்குள் தமிழைக் கற்கத் தொடங்கி, சிறுவர்க்குப் பள்ளிகளை அமைத்துவிட்டார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814ஆம் ஆண்டிலேதான் காண்கிறது. எட்டு மாதத்திற் பெருங்கூட்டத்தை மதம் மாற்றியதாக அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை.

அப்பள்ளிகளின் மரபிலே கல்முனையில் எழுந்த மெதடிஸ்தப் பாடசாலையில் ஒரு சிறுவன் படித்தான். காரைதீவிற் பிறந்தவன், மயில்வாகனன் என்று பெயர். பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிற் கத்தோலிக்கத் துறவியரிடமும் கற்றான். அவனே 1924இல் இராமகிருஷ்ண சங்கத்திற் சந்நியாசம் பெற்று விபுலாநந்தர் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். கிறிஸ்தவப் பள்ளிகளின் உழைப்பால் இந்துத் துறவி ஒருவர் உருவானதை அப்பள்ளிகளுக்குத் தோல்வி என்று கணக்கெழுதுவோரும் இருக்கலாம். ஆனால் கற்பித்தலை நற்செயல் என்று மெய்யாக நம்பியோர் அதனைத் தோல்வி எனக் கருத நியாயமில்லை. கைம்மாறு கருதாத கல்வி அது எனின், விளைவு இன்னதாகத்தான் இருத்தல் வேண்டும் என்று கேட்க முடியாது.

வட பகுதியிலே தாழ்மைக்கு வேறொரு வடிவம் கொடுத்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர். 1822இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்து, 1847இல் அமெரிக்க மிசனின் வைத்தியராய் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நிலைகொண்டார். வாந்திபேதி ஊர் ஊராய்க் கொன்று குவித்த காலம் அது. மருந்து கொடுத்ததோடு அவர் நிறைவு கொள்ளவில்லை. தாம் ஒருவர், நோயாளரோ எண்ணிலர். ஆகவே உள்ளூர் இளைஞரை வைத்தியராக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். கற்றுத் தேறியோர் நல்ல சம்பளத்தை நாடி அரசாங்கச் சேவைக்கும் வேற்றூர்களுக்கும் சென்றனர். ஐரோப்பியர் போல உடுத்தனர். கிராமத்து ஏழைக்கு எட்டாதவராயினர்.

இதைக் கண்ட கிறீன் ஒரு முடிவுக்கு வந்தார். மாணவர் தம் மொழியைவிட்டுத் தம்மிடம் வருவதிலும் பார்க்க, தாம் தம் மொழியைவிட்டு அவர்களிடம் செல்வதே முறை என்பது அம்முடிவு. 1864 முதல் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு நூல்கள் இல்லை, ஆக்கினார். கலைச்சொற்கள் இல்லை, தம் மாணவரையும் தமிழ்ப் புலமையாளரையும் துணைக்கொண்டு அவற்றையும் ஆக்கினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என அவர் முயற்சியால் வெளிவந்த நூல்கள் 4,000க்கு மேற்பட்ட பக்கங்களாயின. அவர் பயிற்றிய வைத்தியர் 60க்கு மேற்பட்டோர். அவரிற் பாதிக்கு மேல் தமிழிலேயே கற்றவர். மாணவர் வேட்டியும் சால்வையுமாய்த் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்று அந்த அமெரிக்கர் வற்புறுத்தினார். வைத்தியத்தைத் தமிழிற் கற்பிக்க இயலுமா என்று இன்றும் ஐயுறுவோர், ஒன்றரை நூற்றாண்டின் முன் அது கற்பிக்கப்பட்டது என்பதை அறியாதவராதல் வேண்டும்.

கால் கழுவிய நிகழ்ச்சியின் மற்றொரு வடிவமே இது. அறிவுடையோன் அறியாதோனின் மொழிக்குள் இறங்குதல் எளிய தாழ்மையன்று. கூழைக்கும்பிட்டினும் பன்மடங்கு கடினமானது. தாம் பரப்ப வந்த சமயத்தைக் கிறீன் மறைக்கவுமில்லை. மருந்துக்குக் காத்திருந்தோருக்கு வேதம் வாசிக்கப்பட்டது. கேளாதோருக்கும் மருந்து கிடைத்தது. 1873இல் தாயகம் திரும்பி 1884இல் இறந்தார். தம்மைத் தமிழருக்கு மருத்துவ ஊழியராய்ச் சென்றவர் என்று கல்லறையிற் குறிக்கவேண்டும் என்பதே அவர் விருப்பம். மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்குகிறது.

கிறீன் பிறந்த அதே 1822இல் நல்லூரிற் பிறந்தவர் ஆறுமுக நாவலர். மிசனரிமாரைக் கண்டித்து எழுதியோருள் அவருக்கு நிகரில்லை. அவரே பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கத் துணைபுரிந்தவர் என்பதும், 1870களின் பிற்பகுதியிற் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்தவர் என்பதும் மறக்கலாகாதன. நாவலரின் கண்டனத்தில் உண்மையும் இருந்தது. பள்ளிக்கூடத்தையும் உத்தியோகத்தையும் காட்டிச் சமயம் மாற்றுதல் நேர்மையன்று என்பது அதன் சாரம். இக்கண்டனத்தை எதிரியின் வசை என்று ஒதுக்காமல் நண்பனின் அறிவுரையாகக் கேட்டிருப்பின், கிறிஸ்தவ சபைகள் பின்னாளில் எதிர்கொண்ட பல சங்கடங்களைத் தவிர்த்திருத்தல் கூடும்.

அச்சங்கடங்கள் பழங்கதையுமல்ல. 2003ஆம் ஆண்டிலே மென்சிங்கன் என்னும் சுவிஸ் நாட்டு ஊரைத் தாயிடமாகக் கொண்ட பிரான்சிஸ்குப் போதனைச் சகோதரிகள் சபையைச் சட்டபூர்வமாக்கும் மசோதா இலங்கை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. கல்வியும் நோயாளர் பராமரிப்பும் ஆற்றிவந்த கன்னியர் அவர்கள். சமயத்தைப் பரப்புதலையும் பொருளுதவி செய்தலையும் ஒரே நோக்கக் கூற்றிற் சேர்த்தமை, எளியோரின் சிந்தனைச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்று நீதிமன்றம் கருதி, அம்மசோதா அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்மானித்தது. அவர்கள் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டனர். 2005இல் அக்குழு, சகோதரிகளின் உரிமை மீறப்பட்டது என்று கூறியது. 2004இல் பலவந்த மதமாற்றத்தைத் தடுக்கும் மசோதா ஒன்று பாராளுமன்றத்திலே கொண்டுவரப்பட்டு, உயர் நீதிமன்ற ஆய்வுக்குப் பின் சட்டமாகாமலே நின்றது. இரு தரப்பாரின் வாதத்திலும் கருத்துண்டு. சகோதரிகளைப் போன்றோர் நூறாண்டு செய்த பணியைச் சூது என்று பார்ப்பது அநீதி. பசித்தவன் முன் ஒரு கையிற் சோற்றையும் மறு கையிற் துண்டுப் பிரசுரத்தையும் நீட்டுவதும் அநீதியே. பசித்தவன் மறுக்கும் உரிமையை அங்கே இழந்து நிற்கிறான்.

இந்த வாதம் ஓயுமுன்னரே 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்முனை முதல் வினாயகபுரத்துக்கு அப்பாலும் கரையோரம் சிதைந்தது. பாடசாலை, கோவில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற வேறுபாடின்றிக் கூரையுள்ள இடமெல்லாம் புகலிடமாயிற்று. வெளிநாடுகளிலிருந்து உதவி குவிந்தது. அவ்வுதவியோடு சமயப் போட்டியும் வந்துவிடுமோ என்ற அச்சமும் வந்தது. இத்தகைய வேளையிலே ஒரு கிறிஸ்தவன் யாது செய்தல் தகும்? கண்டியிலே வைசூரிக் காலத்தில் வாஸ் செய்ததே விடை என்று கூறலாம். முதலிற் புண்ணைக் கழுவுதல், யாரென்று கேளாதிருத்தல், ஏன் இவ்வாறு செய்கிறீர் என்று அவர்களே கேட்டால் மட்டும் காரணத்தைச் சொல்லுதல். கிறிஸ்தவ வேதத்தின் நிருபம் ஒன்றும் இதையே கற்பிக்கிறது: உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்போருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் மறுமொழி கூற ஆயத்தமாயிருங்கள் என்பது அதன் கருத்து. கேட்போருக்கு என்பதே அங்கே உயிரான சொல். கேள்வி எழுமாறு வாழ்வதே கடினம். விடை கூறுதல் எளிது.

வாஸ் பிறந்த ஏப்ரல் 21ஆம் நாளே, 2019இல், இலங்கைக் கிறிஸ்தவருக்குக் கொடுநாளாயிற்று. உயிர்த்த ஞாயிறாகிய அன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களிற் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்டவருட் பலர் ஞாயிறு பாடசாலையிலிருந்து வந்த சிறுவர்கள். செய்தவர் முஸ்லிம் பெயர் தாங்கிய சிலர். தமிழ்க் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையிலே அந்நாட்களின் இறுக்கம் எத்தகையது என்பதை அங்கு வாழ்ந்தோர் அறிவர். பழிக்குப் பழி வேண்டாம் என்று கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் கேட்டுக்கொண்டார். ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில், புதிதாக வந்து வாடகைக்குக் குடியிருந்தோர் மீது ஐயுற்று அதனை அதிகாரிகளுக்கு அறிவித்தோர் அவ்வூர் முஸ்லிம்களே. அவ்வீட்டிலேதான் குண்டுதாரிகளின் உறவினரும் கூட்டாளிகளும் பதுங்கியிருந்தனர். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு மன்னிப்பைப் பற்றிப் பிறர் போதித்தல் எளிது. ஆதலின் அதைப் பற்றி அதிகம் பேசாதிருத்தலே மரியாதை. இழப்புற்றோருட் சிலர் தாமாகவே மன்னித்தோம் என்று சொன்னார்கள். கல்முனைக் கடைத்தெருவிலே அடுத்த கடைக்காரரின் முகத்தைப் பார்த்து மீண்டும் விலை கேட்டு வாங்கியதும் அத்தகைய சொல்லே. எந்தப் பிரசங்கத்தினும் அதற்கு வலிமை அதிகம்.

கத்தோலிக்க ஆலயங்களிலே உயிர்த்த ஞாயிற்றுக்கு மூன்று நாட்கள் முன்னர், பெரிய வியாழனன்று, குருவானவர் பன்னிருவரின் கால்களைக் கழுவும் சடங்கு நடைபெறுகிறது. நெடுங்காலமாக அப்பன்னிருவர் ஆண்களாகவே இருந்தனர். 2016ஆம் ஆண்டு சனவரியில், பெண்களையும் சேர்க்கலாம் என்ற ஆணை உரோமையிலிருந்து வந்தது. அவ்வாண்டுப் பெரிய வியாழனன்று, 2025இற் காலமான திருத்தந்தை பிரான்சிஸ், உரோமைக்கு அருகேயுள்ள அகதிகள் நிலையம் ஒன்றுக்குச் சென்றார். எழுபத்தொன்பது வயதில் முழந்தாளிட்டு, ஒவ்வொருவர் காலிலும் நீர் வார்த்து, துடைத்து, முத்தமிட்டார். அவர்களுட் கத்தோலிக்கர் இருந்தனர்; கொப்திக் கிறிஸ்தவப் பெண்கள் இருந்தனர்; முஸ்லிம்கள் மூவரும் இந்தியாவிலிருந்து வந்த இந்து ஒருவரும் இருந்தனர். அவர்களிற் சிலர் அழுதனர்.